கார்பன் துணியும் வேப்பிலையும்

வேப்பிலையைக் கட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்பது மேல்.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, மலேசியாவில் கிள்ளானில், காப்பார் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. எல்லாம் ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுகுமாறன் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். வாசலில் லொங்காங் ஓரமாக, சாக்கடை ஈரத்தைக் குடித்து வளர்ந்த வேப்ப மரம் ஒன்று நிற்கிறது. நான் வைத்தது. தாமானில் யார் வீட்டில் அம்மை வந்தாலும் கொப்பு ஒடிக்க, 'வீரம்மாக்கா' என்று என் கேட்டைத்தான் தட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சுகுமாறன் ஷா ஆலம் பக்கம் விமானத்துக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதிமூன்று வருஷம் இருந்தவன். கோவிட் வந்தது, விமானங்கள் பறக்கவில்லை, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் கிராப் டாக்சி ஓட்டினான். கொஞ்ச நாள் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான். எதிலும் மனசு நிற்கவில்லை. கடைசியில் கைக்குத் தெரிந்த வேலையையே வீட்டுக்குக் கொண்டுவந்தான். காரை ரோட்டில் விட்டுவிட்டு, போர்ச்சைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே கார்பன் ஃபைபரில் காருக்குப் பாகங்கள் செய்ய ஆரம்பித்தான். கண்ணாடி மூடி, பின்பக்க இறக்கை, அப்புறம் பானட். இரும்பு பானட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இவர்கள் செய்த முதல் பானட்டை அவன் மனைவி பிரியா ஒற்றை ஆளாகத் தூக்கிவந்து என் சுவரில் சாய்த்து, "தட்டிப் பாருங்கக்கா" என்றாள். தட்டினால் பலகைச் சத்தம் கேட்டது. ஏறி மிதித்தாலும் ஒன்றும் ஆகாது என்றாள். நான் மிதிக்கவில்லை.

முழுப் பெயர் விஷ்ணுப்ரியா. கல்யாணத்துக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடை மாடியில் ரவிக்கை தைத்தவள். பிள்ளை இல்லை, அது அவர்கள் விஷயம். சுகுமாறன் வேலையை ஆரம்பித்த மூன்றாம் மாதமே அவளும் போர்ச்சுக்குள் வந்துவிட்டாள். உதவிக்கு என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். சுவரில் கை ஊன்றி நின்று பார்த்த எனக்கல்லவா தெரியும், யார் யாருக்கு உதவி என்று.

கார்பன் துணி கறுப்பாக, பளபளவென்று, சாய்ந்த கோடு கோடாக இருக்கும். பானட் நடுவில் இரண்டு துணி சேரும் இடத்தில், இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் முட்டி மீன் முள் மாதிரி வரவேண்டும். ஒரு நூல் பிசகினாலும் வெயிலில் பல்லை இளிக்கும். பூப்போட்ட துணியில் ரவிக்கை தைப்பவளுக்குப் பூவோடு பூவைச் சேர்க்கத் தெரியும் அல்லவா, அந்தக் கைதான். அவள் துணியை மோல்ட் என்கிற அச்சு மேல் விரித்து, இரண்டு விரலால் நீவி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மறுபடி நீவுவாள். அப்புறம் ரெசின் என்கிற பசையையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் சமையல் தராசில் நிறுத்துக் கலக்கி, பிரஷ்ஷால் தடவுவார்கள். மேலே பிளாஸ்டிக் பையைப் போட்டு ஓரமெல்லாம் ஒட்டி, பழைய ஐஸ்பெட்டி மோட்டாரில் செய்த பம்ப்பால் உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். பை துணியோடு ஒட்டி இறுகினால்தான் பாகம் லேசாகவும் கெட்டியாகவும் வரும். எங்காவது ஓட்டை இருந்தால் மெல்ல உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். சுகுமாறனுக்கு அந்தச் சத்தம் கேட்காது. பதிமூன்று வருஷ மெஷின் சத்தத்தில் காது போய்விட்டது. பிரியா குனிந்து ஒரு சுற்று வந்தால் போதும், "இங்க" என்று விரலை வைத்துவிடுவாள்.

கையுறை கொடுத்தது நான். அதையும் சொல்லிவிடுகிறேன். மேரு பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பேக்கிங்கில் இருந்தவள் நான். பழைய சிநேகிதிகள் கழித்துப் போட்ட பெட்டிகளை எனக்குத் தருவார்கள். வெள்ளை வெளேரென்று ரப்பர் பால் கையுறை. அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளி. கூழ் கொடுக்கலாம் என்று சுவரோரம் நின்று கூப்பிட்டேன். பிரியா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். விலக்கினால், இரண்டு இமையும் உப்பிக் கண் கீறலாகத் தெரிந்தது. கன்னத்தில், கழுத்தில், முன்கையில் எல்லாம் பொடிப் பொடியாக நீர் கோத்த கொப்புளம்.

"என்னாடி இது?"

"தெரியலக்கா. ரெண்டு நாளா ஒரே அரிப்பு. கொசுன்னு நெனச்சேன்."

"கொசு இப்பிடியா கடிக்கும்? சொறியாத. அம்மா வந்திருக்குடி."

"அம்மையா? சின்னதுல எனக்கு வந்துச்சா இல்லியான்னே தெரியாதேக்கா."

"வந்திருந்தா இப்ப ஏன் வருது? ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. இதுக்கு மேல என்ன வேணும்? உள்ள போ. ஏம்ப்பா சுகு, இங்க வா."

அவன் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் பிரஷ்.

"பத்து நாளைக்கு இவள ஒரு வேலையும் செய்ய விடாத. வீட்டுல தாளிக்காத. மீனு, கோழி வாங்காத. கிளினிக்குக்குக் கூட்டிப் போய் ஊசி கீசி போட்டுராத, அம்மாவுக்குக் கோவம் வந்துரும். கேக்குதா?"

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சரிக்கா" என்றான். அப்புறம் அவனாகவே சொன்னான். "பம்ப்பும் ஓட வேணாம்க்கா. அம்மா இருக்குற வீட்டுல மெஷின் சத்தம் எதுக்கு. ரெசின் டின்னெல்லாம் மூடி ஸ்டோர்ல வச்சிர்றேன்."

இந்தக் காலத்துப் பையனுக்கு இத்தனை பக்தியா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு வீட்டில் போய்ச் சொன்னேன். மரத்தில் கொப்பு ஒடித்து, அவர்கள் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் நானே கட்டினேன்.

ரவாங்கிலிருந்து பிரியாவின் அக்கா வந்து தங்கித் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் தண்ணீருக்கே முகம் தெளிந்துவிட்டது. தழும்புகூட இல்லை. "பாத்தியா, எங்க மரத்து எலை" என்று நான் பீற்றிக்கொண்டேன். கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டு வந்தார்கள். மறு வாரம் பம்ப் சத்தம் மறுபடி கேட்டது. அது ஓடாமல் எனக்குமே பொழுது போகாமல்தான் இருந்தது.

அப்போதுதான் ஜைத் வந்தான். காப்பார் ரோட்டில் வொர்க்ஷாப் வைத்திருக்கிறவன். அவன் தாத்தா காலத்தில் துணிக்கடையாம், இவனுக்குக் காரில் கிறுக்கு. பழைய காரை எல்லாம் பிரித்து எடை குறைத்து செப்பாங் கார்ப் பந்தயப் பாதையில் கொண்டுபோய் விடுவான். போர்ச் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்து வைத்திருந்த பானட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, நடுக்கோடு என்னா நேரு! கத்தி வச்சுக் கீறுன மாரி இருக்கு. இதே மாரி எனக்கு ஒண்ணு வேணும். அடுத்த மாசம் மொத ஞாயிறு டிராக் டே. ஷா ஆலம் பசங்க அத்தன பேரும் வருவாங்க."

"செஞ்சிரலாம் பாஸ்."

"நல்லா வந்துச்சுன்னா, வொர்க்ஷாப்புக்குப் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. நீங்க எடுத்துக்குங்க. போர்ச்ல கெடந்து ஏன் கஷ்டப்படுறீங்க. வேல நான் கொண்டாறேன் லா. என்னா கையிண்ணே உங்க கை!"

பிரியா தே தாரே என்கிற ஆற்றிய தேநீர் டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். சுகுமாறன் சிரித்தான். இல்லையென்று சொல்லவில்லை.

"அண்ணி வேலைக்குப் போறாங்களா?"

"இல்ல பாஸ். சூரி ரூமா."

பாரங்களில், அதாவது படிவங்களில், வேலை என்ற கட்டத்தில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு எழுதும் மலாய்ச் சொல் அது. இல்லத்தரசி என்று பொருள். நானும் இப்போது அதைத்தான் எழுதுகிறேன். பிரியா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். வைத்த வேகத்தில் தே கொஞ்சம் தட்டில் சிந்தியது.

மூன்று வாரம் கழித்து அம்மை திரும்ப வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பிரியா சுவரோரம் நின்றபோது முன்பைவிட மோசமாக இருந்தாள். உதடும் தடித்திருந்தது. ஒரு தடவை வந்தால் மறு தடவை வராது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்குமே.

"ஏதோ நேர்த்திக்கடன் பாக்கிடி. உங்க அக்காகிட்டக் கேளு. உங்கம்மா ஏதாச்சும் வேண்டிக்கிட்டு மறந்திருக்கும்."

"இருக்கும்க்கா" என்றான் சுகுமாறன், அவளுக்கு முந்திக்கொண்டு.

மறுபடி கொப்பு ஒடித்தேன். மறுபடி கட்டினேன். ஆனால் இந்தத் தடவை அவன் பம்ப்பை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜைத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றான். சாமிக்கும் இது தெரியும் என்று நான் விட்டுவிட்டேன்.

ரவாங் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை முதல் தண்ணீர் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அவள் கைலியை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் சொம்பை ஊற்றும்போது வாய்க்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். இரண்டாவது சொம்பில் கை நின்றுவிட்டது.

முதுகு சுத்தமாக இருந்தது. தோள் சுத்தமாக இருந்தது. கைலியைத் தளர்த்தி வயிற்றைப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. டி-சட்டை மூடும் இடம்வரை ஒன்றும் இல்லை; சட்டைக் கழுத்துக்கு மேலே கொப்புளம், சட்டைக் கைக்குக் கீழே கொப்புளம். அம்மை வயிற்றிலும் நெஞ்சிலும் முதுகிலும்தான் முதலில் இறங்கும். எத்தனை பேருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் நான். சட்டை போட்ட இடத்தை விட்டுவிட்டு வரும் அம்மையை எங்கே பார்த்தேன்? மருந்துத் தண்ணீர் ஆகாமல் கை வெடித்துப்போன பெண்களைத்தான் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இப்படித்தான், பட்ட இடத்தில் மட்டும்.

"என்னாக்கா, நின்னுட்டீங்க? முதுகுல ரொம்ப இருக்கா?"

"ரெண்டு மூணு இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு வீட்டில் பீற்றிய வாய். இரண்டு தரம் கட்டிய வேப்பிலை. அதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். மிச்சத் தண்ணீரையும் ஊற்றித் துவட்டிவிட்டேன்.

போர்ச்சில் சுகுமாறன் மோல்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். ஏழு தடவை தேய்ப்பான். அப்போதுதான் பானட் ஒட்டாமல் கழன்று வரும்.

"தேய்ச்சது போதும், நிறுத்து. உன் பொண்டாட்டிக்கு முதுகுல ஒண்ணு இல்ல, வயித்துல ஒண்ணு இல்ல. இது அம்மை இல்ல தம்பி."

அவன் மெழுகுத் துணியை மடித்து வைத்தான்.

"தெரியும்க்கா."

"என்னா தெரியும்?"

"ரெசின். பேக்டரில அஞ்சு பேருக்கு வந்துச்சு. மொத நாளு அவ மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே கம்முனு இருந்தியா?"

"நான் ஒண்ணும் சொல்லலியேக்கா. அம்மான்னு நீங்கதான் சொன்னீங்க. வேப்பிலையும் நீங்கதான் கட்டுனீங்க."

அவனை அறைந்திருப்பேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அப்போதுதான் எனக்கு அந்த முதல் வெள்ளி நினைவுக்கு வந்தது. டின்னை மூடி ஸ்டோரில் வைத்ததும் பம்ப்பை நிறுத்தியதும் பக்தியில்லை. ரெசின் இல்லாவிட்டால் ஆறிவிடும் என்று தெரிந்து செய்திருக்கிறான்.

"அந்த அஞ்சு பேரு என்னா ஆனாங்க?"

"வேற டிபார்ட்மென்டுக்கு மாத்திட்டாங்க. ஒருவாட்டி வந்துட்டா அப்புறம் வாசம் பட்டாலே வீங்கிரும்க்கா. ஒடம்பு மறக்காது. திரும்ப அந்தப் பக்கமே அவங்கள விடல."

"அப்புறம் எந்த மனசோட இவள மறுபடி உள்ள விட்ட?"

"அவ இல்லாம கோடு வரலக்கா!" குரலை உயர்த்திவிட்டு, வீட்டுப் பக்கம் பார்த்துத் தணித்துக்கொண்டான். "அவ படுத்திருந்தப்ப ரெசின் இல்லாம ரெண்டு தடவ நானே வெறுந்துணி போட்டுப் பாத்தேன். கோணலாப் போச்சு. வெட்டிக் குப்பையில போட்டேன். ஒருவேள இவளுக்குத் திரும்ப வராதுன்னு நெனச்சேன். மொத தடவ அவ்ளோ சீக்கிரம் ஆறிருச்சே. கிளவ்ஸ் போடுறாளே, அது காப்பாத்தும்னு... ரப்பர் கிளவ்ஸ்ல ரெசின் உள்ள எறங்கிரும்னு எனக்குத் தெரியும்க்கா. நீலக் கலர் நைட்ரில்தான் போடணும். நீங்க ஆசையாக் கொண்டாந்து குடுக்குறீங்க, எப்பிடிச் சொல்றது?"

ஜைத் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இப்பயே போய்ச் சொல்லு அவகிட்ட."

"சொல்றேன். ஞாயித்துக்கிழம முடிஞ்சதும் சொல்றேன். துணியெல்லாம் ஹால்ல வச்சு அவ வெட்டி டேப் போட்டு ரெடியா வச்சுட்டா. நாளைக்கு நான் தூக்கி வச்சாப் போதும். அவ உள்ள வரவே வேணாம். இந்த பானட் மட்டும் போயிருச்சுன்னா ஜைத் ரூமுக்கு எல்லாத்தையும் மாத்திருவேன். வீட்டுல ஒரு சொட்டு ரெசின் இருக்காது. ஒரே ஒரு நாளுக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஒத்துக்கொண்டேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள்தானே என்றேன். உள்ளபடி, கையுறையைப் பற்றி அவள் என்னிடம் கேட்கும் நாள் ஒரு நாளாவது தள்ளிப்போகட்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் இறங்கிக் கிடந்தது. காற்றில்லை. கிள்ளானில் அந்த நேரத்தில் மழைக்கு முன்னால் ஒரு புழுக்கம் வரும், சட்டை முதுகோடு ஒட்டும். ஈரக் காற்றில் ரெசின் வெளுத்துப்போகும் என்று சுகுமாறன் அவசரப்பட்டான். துணியைத் தூக்கி வைத்தான், ரெசினைத் தடவினான், பையைப் போட்டு மூடினான், பம்ப்பைப் போட்டான். நான் என் பக்கத்தில் துணி எடுக்கிற சாக்கில் நின்றேன். பை கொஞ்சம் இறுகியது. அப்புறம் நின்றுவிட்டது. பம்ப் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"ஓட்ட" என்றான் தனக்குத்தானே. ஓரத்தையெல்லாம் அழுத்திக்கொண்டே சுற்றினான். குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி சுற்றினான். முகமெல்லாம் வேர்வை. கலந்த ரெசின் நமக்காகக் காத்திருக்காது. அரை மணிக்குள் இறுக ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாம் குப்பைதான். "அக்கா, உங்களுக்காச்சும் கேக்குதா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு இடிச் சத்தம்தான் கேட்டது.

வீட்டுக் கதவு திறந்தது. வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு பிரியா வந்தாள். வீங்கிய கண்ணுக்குக் கீழே அரிப்புக்குத் தடவிய வெள்ளைச் சுண்ணாம்பு மருந்து. பழைய முகக்கவசம் ஒன்றைப் போட்டிருந்தாள்.

"வேணாம், நீ போ" என்றான் சுகுமாறன். ஆனால் வழியை மறித்து நிற்கவில்லை.

நான் சுவருக்கு இந்தப் பக்கம். இரண்டு எட்டு வைத்தால் கையைப் பிடித்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பாத்துடி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் பம்ப்பைக் கையமர்த்தினாள். அவன் நிறுத்தினான். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, காதைப் பிளாஸ்டிக்குக்கு மேலே ஒரு சாண் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே மெல்ல நகர்ந்தாள். மூலையில் பை மடிந்திருந்த இடத்தில் நின்று விரலை வைத்தாள். "இங்க." அவன் டேப்பை ஒட்டி அழுத்தினான். பம்ப்பைப் போட்டதும் பை சுருங்கி இழுத்து, பானட்டோடு பானட்டாக இறுகியது. பிளாஸ்டிக் வழியாகக் கோடுகள் தெரிந்தன. அவள் போகவில்லை. நடுவில் ஓர் இடத்தில் துணி நூலளவு விலகியிருந்தது போல. இரண்டு விரலைப் பை மேலேயே வைத்து, நீவி நீவி அதைச் சேர்த்தாள். மழை அப்போதுதான் கொட்ட ஆரம்பித்தது.

ஐந்து மணிக்கெல்லாம் அவளுக்குக் கண் இரண்டும் மூடிக்கொண்டது. மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தது. சுகுமாறன் காரை எடுத்தான். நான் அவளை அணைத்துப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். நான் கட்டிய வேப்பிலை அவள் தலையில் உரசியது. எட்டிப் பறித்து லொங்காங்கில் வீசினேன்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதலில் மூச்சுக்குக் கருவி வைத்து ஊசி போட்டார்கள். விசில் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் பதிவு செய்யும் பெண் பாரத்தோடு வந்தாள். மலாய்க்காரப் பெண், சின்ன வயது. பெயர் கேட்டாள், அடையாள அட்டை எண் கேட்டாள். என்ன வேலை என்று கேட்டாள்.

"சூரி ரூமா" என்றான் சுகுமாறன்.

பயத்தில் சொன்னானா, பழக்கத்தில் சொன்னானா, எனக்குத் தெரியாது. வேலையைச் சொன்னால் எங்கே, எப்படி என்று டாக்டர் தோண்டுவார் என்று நினைத்திருக்கலாம். ரெசின் வேலையைச் சொல்லாவிட்டால் டாக்டர் இறால் சாப்பிட்டாயா, நண்டு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"புக்கான்" என்றாள் பிரியா.

மலாயில் இல்லை என்று அர்த்தம். முகத்தில் இருந்த கருவியை அவளே விலக்கியிருந்தாள். கண் தெரியாததால் குரல் வந்த பக்கம் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சயா புவாட் பொனெட் கெரேத்தா. கார்பன் ஃபைபர்." நான் கார் பானட் செய்கிறேன் என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரியா..." என்றான் சுகுமாறன்.

"அவங்க கேக்குறது என் வேலயங்க."

அவன் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டான். நான் அவள் கையைப் பிடித்தேன். கை கொதித்தது.

"உனக்கு எப்படிடி தெரியும், அம்மை இல்லன்னு?"

"முதுகுல எனக்கு அரிக்கவே இல்லியேக்கா. ரெண்டு மூணு இருக்குன்னு நீங்க சொன்னீங்க. இவங்க எதுக்குப் பொய் சொல்றாங்கன்னு யோசிச்சேன். அப்புறம் நீங்க போர்ச்ல பேசுனது குளிக்குற ரூம் ஜன்னல்ல கேட்டுச்சு. எனக்குத்தான் காது நல்லா இருக்கே."

"அடிப்பாவி. எல்லாந் தெரிஞ்சா உள்ள போன?"

"என் பானட்டுக்கா அது" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அங்கே எல்லோரும் பார்க்க அழுதேன். கையுறையைச் சொன்னேன், வேப்பிலையைச் சொன்னேன், மூக்கைச் சிந்திக்கொண்டு எதை எதையோ சொன்னேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. சமாதானப்படுத்த வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

டாக்டர் பெண்பிள்ளை. பாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன ரெசின், எத்தனை மாதம், எந்தக் கையுறை, கையை எதால் துடைப்பாய். பெயிண்ட் கரைக்கும் தின்னரால் என்று பிரியா சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சுகுமாறன் சொன்ன அதே விஷயத்தை மலாயில் சொன்னார். உடம்பு இனி இதை மறக்காது. அடுத்த தடவை மூச்சே நின்றுபோகலாம். அந்த வீட்டில் அந்த வேலை நடந்தால் அவள் அந்த வீட்டில் இருக்கக்கூடாது.

"ஒரு வருஷம் விட்டுட்டுச் செஞ்சா?" என்று பிரியா கேட்டாள்.

டாக்டர் இல்லை என்றார்.

"நல்ல கிளவ்ஸ், நல்ல மாஸ்க் போட்டு? துணி மட்டும் போட்டுட்டு வந்துர்றேன்."

டாக்டர் அவள் தோளில் கை வைத்து மறுபடி இல்லை என்றார்.

இரண்டு நாள் வார்டில் இருக்கச் சொன்னார்கள். வார்டுக்குக் கொண்டுபோகும் வரைக்கும் நடைபாதையில் தள்ளு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுகுமாறன் கைப்பேசி அடித்தது. ஜைத். அவன் அதைப் பார்த்தான், எடுக்காமல் அணைத்துப் பையில் போட்டான். "வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டுர்றேன் பிரியா. நாளைக்கே" என்றான். போர்ச்சில் அந்த பானட் பைக்குள் இறுகிக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

அவள் மடியில் பாரத்தின் நகல் ஒன்று இருந்தது. அதை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள், துணியை நீவுகிற மாதிரி.

"அக்கா, இதுல வேலைன்னு என்னா போட்டிருக்காங்க? எனக்குக் கண்ணு தொறக்க முடியல."

வாங்கிப் பார்த்தேன். சூரி ரூமாவைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தது.

"பெம்புவாட் பொனெட் கெரேத்தா."

"தமிழ்ல சொல்லுங்க."

"கார் பானட் செய்றவங்க."

அவள் தலையை ஆட்டினாள். மூடிய இமைக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. மருந்தா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ படிங்கக்கா."

படித்தேன். சுவரோரம் நின்றவனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன்.